கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு குளம்

விடுதலைப் போராட்ட வீரர் இரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது தில்லியின் கிட்வாய் நகர். அதன் கிழக்குப் பகுதியில், பழைய அரசுக் குடியிருப்புகள் இருந்த இடத்தில், இன்று அடுக்குமாடிகள் உயர்ந்துள்ளன. குளம் வெட்ட இயலாத இத்தகைய வீடுகளில் நன்னீர் மீன்தொட்டியே சிறு குளமாகிறது. அதில் செடி வளர்க்க மிகுந்த உழைப்பு வேண்டா. இயற்கையின் சமநிலையை அறிந்தால் போதும்.

இச்சமநிலையை 1849ஆம் ஆண்டில் இலண்டன் வேதியியல் அறிஞர் இராபர்ட் வாரிங்டன் ஆராய்ந்தார். மணலும் கூழாங்கற்களும் இட்ட தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வளர்த்தார். மீன்கள் நலமாக இருந்தன. ஆனால், உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. பின்னர் நத்தைகளை விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றதால் நீர் தெளிந்தது. இம்முடிவுகளை 1850இல் வெளியிட்டார்.

மீன் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைச் செடி ஒளியில் உட்கொண்டு ஆக்சிஜனைத் தருகிறது. மீன்கழிவில் உண்டாகும் அம்மோனியாவை மணலில் வாழும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது செடிக்கு உரமாகிறது. எனவே, தொட்டி முழுவதையும் அடிக்கடி கழுவினால் இந்நுண்ணுயிரிகள் அழியும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மட்டும் மாற்றுதல் நன்று. குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்தால் அதிலுள்ள குளோரின் பெரும்பாலும் நீங்கும்.

வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா ஆகியவை எளிதில் வளர்வன. ஜாவாப் பாசிக்கு மண்ணே வேண்டா. அது கல்லைப் பற்றி வளரும். இலங்கையையும் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வகையின் இலைகள் இடம் மாற்றி நட்டவுடன் கரைந்து உதிரலாம். செடி இறந்ததென எண்ணிப் பிடுங்கலாகாது; வேரிலிருந்து புதுத்தளிர் தோன்றும்.

தில்லியின் கோடை வெயில் நேரே படும் சன்னலோரத்தில் தொட்டியை வைத்தல் கூடாது. நீர் சூடேறும், பாசியும் படரும். மிகுதியாக வளர்ந்த செடிகளை வெட்டி உரக்குழியில் இடுதல் வேண்டும். ஏரியிலோ யமுனையிலோ எறிதல் தகாது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்ட வெங்காயத் தாமரை நம் நீர்நிலைகளை மூடியதை நாம் மறத்தலாகாது.

சொற்பொருள்
தாயகம் – பிறப்பிடம்
தகாது – பொருந்தாது

வினாக்கள்
1. வாரிங்டன் நத்தைகளைத் தொட்டியில் விட்டது ஏன்?
2. தொட்டி முழுவதையும் அடிக்கடி கழுவினால் நேரும் தீங்கு யாது?
3. வெட்டிய செடிகளை ஆற்றில் எறிதல் தகாது. ஏன்? உம் சொற்களில் எழுதுக.