அந்த ஒரு பாயிண்ட்

மூன்று ஜட்ஜுகள், மூன்று அட்டைகள்: 96-93, 95-94, 95-94. 2017 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மும்பை வொர்லியின் என்.எஸ்.சி.ஐ. அரங்கில் குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங்கின் கையை உயர்த்திய எண்கள் இவை. எதிரே நின்றவர் சீனாவின் சுல்பிகர் மைமைதியாலி, விஜேந்தரைவிட இளையவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி, 2015-ல் தொழில்முறைக்கு மாறிய விஜேந்தர் அதுவரை ஒரு தொழில்முறைச் சண்டையிலும் தோற்றதில்லை. அவரிடம் உலகக் குத்துச்சண்டை அமைப்பான டபிள்யூ.பி.ஓ.வின் ஆசிய பசிபிக் பெல்ட். சுல்பிகரிடம் அதே அமைப்பின் ஓரியன்டல் பெல்ட். ஜெயித்தவருக்கு இரண்டும்.

ஓராண்டுக்கு முன் டெல்லியில் கெர்ரி ஹோப்பை வென்றபோது விஜேந்தருக்குக் கிடைத்த அட்டைகள் 98-92, 98-92, 100-90. அதில் வாதாட எதுவும் இல்லை. மும்பைச் சண்டை அப்படியல்ல. பத்து ரவுண்டும் இருவரும் நின்றே முடித்தார்கள்; மணி அடித்ததும் வாய்ச்சண்டை தொடங்கியது. ஜெயிக்க வேண்டியவர்தான் ஜெயித்தாரா, சொந்த நாட்டுக் கூட்டத்தின் சத்தம் ஜெயித்ததா?

கூட்டினால் 189

அட்டைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருவர் தரையில் விழுந்தால் அவருக்கு 8. யாரும் விழாத பத்து ரவுண்டில் இரண்டு பேர் புள்ளிகளையும் சேர்த்தால் 190 வர வேண்டும். மும்பை அட்டைகள் ஒவ்வொன்றையும் கூட்டுங்கள், மூன்றிலும் 189தான் வரும். குறைகிற அந்த ஒன்று, இடுப்புக்குக் கீழே குத்தியதற்காகச் சுல்பிகரிடமிருந்து நடுவர் பிடுங்கிய பாயிண்ட்.

அதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு அட்டை 96-94, விஜேந்தருக்கு ஆறு ரவுண்டு, சுல்பிகருக்கு நான்கு. மற்ற இரண்டும் 95-95, ஆளுக்கு ஐந்து ரவுண்டு. இரண்டு ஜட்ஜுகள் சமம் என்றால் சண்டை டிரா. இரண்டு பெல்ட்டும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னதாகத் தெரிகிற தீர்ப்புக்குள்ளே, ‘எங்களால் இவர்களைப் பிரிக்க முடியவில்லை’ என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் விஜேந்தருக்கு அந்த வெற்றி தகுமா? தகும் என்பேன். விதிக்குள் நின்று குத்துவதும் அந்த விளையாட்டின் திறமைதான். எதிராளி தடுக்க முடியாத இடத்தில் குத்தி வாங்கிய ரவுண்டுக்கு ஒரு விலை உண்டு. ஆனால் விஜேந்தர் மேலான குத்துச்சண்டைக்காரர் என்று அன்றைய அட்டைகளைக் காட்டி யாரும் சொல்ல முடியாது. எதிராளி செய்த தப்பை அவர் செய்யவில்லை என்பதற்கு மட்டுமே அவை சாட்சி.

குத்தை எண்ணினால் போதாதா?

‘யார் அதிகம் குத்தினாரோ அவருக்குக் கொடுத்துவிட்டுப் போங்களேன்’ என்று கேட்கத் தோன்றும். 1999 மார்ச் 13-ஆம் தேதி நியூயார்க்கில் லெனாக்ஸ் லூயிஸும் இவாண்டர் ஹோலிஃபீல்டும் மோதினார்கள். எண்ணியவர்களின் கணக்கில் லூயிஸின் குத்துகள் 348 போய்ச் சேர்ந்தன, ஹோலிஃபீல்டுடையவை 130. ஒரு ஜட்ஜ் லூயிஸுக்கு, ஒருவர் ஹோலிஃபீல்டுக்கு, மூன்றாமவர் சமம். முடிவு டிரா. 2012-ல் மேனி பாக்கியாவ் 253, டிமோதி பிராட்லி 159. இரண்டு ஜட்ஜுகள் 115-113 என்று பிராட்லிக்குக் கொடுத்தார்கள். பிறகு டபிள்யூ.பி.ஓ. ஐந்து ஜட்ஜுகளை உட்கார வைத்து ஒளிப்பதிவைப் பார்க்கச் சொன்னது. ஐவரும் பாக்கியாவ் பக்கம். ஆனாலும் முடிவு மாறவில்லை.

இதில் மோசமான தீர்ப்பும் உண்டு, முறையின் இயல்பும் உண்டு. மூன்று ரவுண்டில் எதிராளியைத் துவைத்து எடுத்துவிட்டு, மீதியை மயிரிழையில் விட்டவர் தோற்றுப் போவார். துவைத்த ரவுண்டுக்கும் பத்துதான், மயிரிழை ரவுண்டுக்கும் பத்துதான். ஒரு ரவுண்டின் மிச்சம் அடுத்த ரவுண்டுக்கு வராது.

எண்ணிக்கையை நம்பியும் பார்த்தார்கள். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸுக்குத் தோல்வி என்று தீர்ப்பளித்த அநியாயம் உலகத்தையே கொதிக்க வைத்த பிறகு, 1992 பார்சிலோனாவில் கணினி வந்தது. ஐந்து ஜட்ஜுகளில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு பாயிண்ட். விஜேந்தர் பெய்ஜிங் அரையிறுதியில் கியூபாவின் எமிலியோ கொரியாவிடம் 5-8 என்று தோற்றது அந்தக் கணக்கில்தான். தாடையைக் கலக்கிய குத்துக்கும் ஒன்று, தொட்டுவிட்டுப் போனதற்கும் ஒன்று. வீரர்கள் தொட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொண்டார்கள். 2013-ல் கணினி போய், பழைய பத்துப் புள்ளி முறை அமெச்சூர் வளையத்துக்கும் வந்து சேர்ந்தது.

நம்மாளின் குத்து

வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டை பார்த்த வழக்கத்தை 2021-ல் பா.இரஞ்சித்தின் படம் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோனது. பரம்பரைக்காரனின் கண், மணி அடித்ததும் தன் ஆளின் கையோடுதான் போகும். அவன் வீசியது தெரியும். அது எதிராளியின் கையுறையில் பட்டதா, தாடையில் பட்டதா என்பது தெரியாது. வளையத்தின் மூன்று பக்கம் மூன்று ஜட்ஜுகளை உட்கார வைப்பதும் இதற்காகத்தான். ஒருவருக்கு முதுகு மறைப்பது இன்னொருவருக்குத் தெரியும். தெளிவாக விழுந்த குத்து, பலன் தந்த முன்னேற்றம், களத்தை ஆண்ட விதம், தற்காப்பு என்று நான்கையும் பார்க்கச் சொல்கிறது மரபு. எதற்கு எவ்வளவு எடை என்பது ஜட்ஜின் மனசுக்குள் இருக்கிறது. ஏன் அப்படிப் போட்டார் என்பது அட்டையில் இருக்காது. சண்டையெல்லாம் அங்கேதான்.

திருத்தணிக்குத் தெரிந்த தீர்ப்பு

எங்கள் திருத்தணிக்காரர்களுக்கு இந்த வழக்கு அந்நியமில்லை. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். திருப்பதியும் வேண்டும் என்பது கோரிக்கை. எதிர்ப்பக்கமும் தன் நியாயத்தை அதே வேகத்தோடு பேசியது. மத்தியஸ்தம் செய்ய வந்தவர் எச்.வி. படாஸ்கர்.

அவர் ‘இந்தத் தாலுகா யாருக்கு?’ என்று மொத்தமாகக் கேட்கவில்லை. கிராமத்தை அலகாக எடுத்தார். அங்கே எந்த மொழிக்காரர் அதிகம், பக்கத்துக் கிராமத்தோடு நிலம் தொடர்கிறதா என்று பார்த்தார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி அங்கேயே நின்றது. இரண்டு தரப்புக்கும் குறை இருந்தது. ஆனால் எந்த அளவுகோலால் எந்தக் கிராமம் எங்கே போனது என்று கேட்டவனுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. இன்று திருத்தணி மலையேறும் கூட்டத்தில் பாதிக் குரல் தெலுங்கில் கேட்கிறது. நகரி, புத்தூர் வழியே திருப்பதிக்குப் போகிறவர்களை யாரும் தடுப்பதில்லை.

குத்துச்சண்டைக்கு வேண்டியது அதே பதில்தான். ஒவ்வொரு ரவுண்டின் அட்டையும் உடனே வெளியே வரட்டும். நெருக்கமான ரவுண்டுக்கு ஜட்ஜ் இரண்டு வரியில் காரணம் எழுதட்டும். தவறு அப்போதும் நடக்கும். ஆனால் நடந்தது தவறா, வேறொரு பார்வையா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

மும்பையில் அன்று இரவு விஜேந்தர் இன்னொன்றும் சொன்னார். டோக்லாமில் இந்தியா, சீனா இரண்டு நாட்டுப் படைகளும் முறைத்துக்கொண்டு நின்ற வாரங்கள் அவை. எல்லையில் அமைதி வேண்டும், ஜெயித்த பெல்ட்டைச் சுல்பிகருக்கே திருப்பித் தரத் தயார் என்றார். நல்ல மனசுதான். ஆனால் நியாயமாக ஜெயித்த பெல்ட்டைத் திருப்பித் தரத் தேவையில்லை. அது எவ்வளவு சின்ன வித்தியாசத்தில் வந்தது என்று ரசிகன் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

ஆகவே, அடுத்த முறை நெருக்கமான ஒரு சண்டையைப் பார்த்துவிட்டு ‘அவன்தான் ஜெயிக்க வேண்டியவன்’ என்று யாராவது மேசையைத் தட்டினால், அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த ரவுண்டை, எதற்காக அவனுக்குக் கொடுத்தீர்கள்? பதில் இருந்தால் உட்கார்ந்து வாதாடலாம். இல்லாதவர் பரம்பரைக்காரர், அவரிடம் தோற்றுப் போவதில் வெட்கமில்லை.