சட்டியில் எத்தனை புரோட்டா?

விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டாக் கடை மாஸ்டரைச் சாயங்காலக் கூட்டத்தில் கவனித்துப் பாருங்கள். மாவு பிசைய ஒருவர், வீச ஒருவர், சால்னா ஊற்ற ஒருவர். மாஸ்டரின் கண் சட்டியை விட்டு நகராது. எத்தனை பேர் காத்து நின்றாலும் சட்டி தாங்குகிற அளவுக்கு மேல் ஒன்றுகூடப் போடமாட்டார். போட்டால் எண்ணெயின் சூடு இறங்கும். புரோட்டா பொரியாமல் எண்ணெயைக் குடித்துக்கொண்டு கிடக்கும். அதனால், "கொஞ்சம் பொறுங்கண்ணே!"

தொழில்நுட்ப நிறுவனத் தலைமையின் முதல் திறமை இதுதான். ஒரே சமயத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று முடிவு செய்து, அதற்கு மேல் கேட்பவரிடம் 'பொறுங்கள்' என்று சொல்வது. நன்றாக வீசத் தெரிந்தவரை மாஸ்டராக்கினால் அவர் பலகையை விடாமல் தானே வீசிக்கொண்டிருப்பார், சட்டி கருகும். நம் ஐ.டி. நிறுவனங்களில் இந்த ரகம் அதிகம்.

சிவகாசியில் இந்த அளவு சட்டமாகவே இருக்கிறது. பட்டாசு ஆலையில் ஓர் அறையில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். கலந்த மருந்தை அன்றைக்கே செலுத்தி முடிக்க வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. வெடித்தாலும் அந்த ஓர் அறையோடு நிற்கட்டும் என்பதுதான் கணக்கு. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது இந்தக் கணக்கு பிசகும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதித்த அளவை மீறி ஆளும் மருந்தும் அங்கே சேர்ந்திருந்தன.

அறையில் ஐந்தாவது ஆளைப் பார்த்து 'வெளியே போ' என்று சொல்ல வேண்டியவர் போர்மேன். அப்படிச் சொன்னதற்காக அவர் வேலை போகாது என்ற உறுதியைக் கொடுக்க வேண்டியது முதலாளி. இந்த இரண்டாவது காரியம்தான் எங்கும் அரிது.

செய்முறை மாறும்போது தலைமைக்கு இன்னொரு சோதனை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. பூச்சட்டிக்கும் கம்பி மத்தாப்புக்கும் பழகிய சரக்கு ஒரே நாளில் கைவிட்டுப் போனது. ஆலைகள் பல மாதம் மூடிக் கிடந்தன. பிறகு நாக்பூரின் நீரி சுற்றுச்சூழல் ஆய்வகம் தந்த கலவைகளைப் பரிசோதித்து, ஒப்புதல் வாங்கித்தான் பசுமைப் பட்டாசு உற்பத்தி தொடங்கியது. புது மாவு வந்தால் மாஸ்டரும் முதலில் ஓர் உருண்டையை மட்டும்தான் பொரித்துப் பார்ப்பார்.

கணினி உலகம் இதை 2024 ஜூலை 19 அன்று மறந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் பிழையுள்ள ஒரு புதுப்பிப்பை விண்டோஸ் வாடிக்கையாளர்களுக்கு ஒரே மூச்சில் அனுப்பியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, விமானங்கள் தரையில் நின்றன. அதன் பிறகுதான் அத்தகைய புதுப்பிப்புகளை முதலில் சிலருக்கும் பிறகு பலருக்குமாக அனுப்பும் முறைக்கு அந்த நிறுவனம் மாறியது.