பி.காம்.: இடம் கிடைக்காதவர்க்கா, இலக்கு உள்ளவர்க்கா?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் இல்லங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே வகையாய் அமைகின்றது. முதலில் மருத்துவம், அது எட்டாவிடில் பொறியியல், இரண்டும் கைகூடாதபோது, "சரி, பி.காம். ஆவது சேர்த்துவிடுவோம்" என்கின்றார் தந்தை. அந்த "ஆவது" என்னும் சொல்லிலேயே பிள்ளையின் ஊக்கம் பாதி குன்றிவிடுகின்றது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டத்தாளுடன் வந்து, "இனி என்ன செய்வது?" என்று அப்பிள்ளை கேட்கும்போது விடை சொல்ல வீட்டில் எவருமில்லை.

குறை அந்தப் பட்டத்தில் இல்லை. அது என்ன கற்பிக்கின்றது, எங்கே கொண்டு சேர்க்கின்றது என்பதை அறியாமலே சேர்வதுதான் குறை. வணிகவியல் இளங்கலைப் பட்டம் தன்னளவில் ஒரு முடிவன்று; பல வழிகள் பிரியும் ஒரு சந்திப்பு. எவ்வழியில் செல்வது என்பதை இறுதியாண்டில் அன்று, முதலாண்டிலேயே எண்ணத் தொடங்குகிறவர்க்கு அது சிறந்த படிப்பு.

பழமையான கலை

கணக்கியலை நேற்றுத் தோன்றிய பிழைப்புக் கல்வி என எண்ணிவிட வேண்டாம். இத்தாலி நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவியும் கணித மேதையுமான லூக்கா பச்சோலி, 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் பெருநூலின் ஒரு பகுதியில், அந்நகர வணிகர்கள் கையாண்டு வந்த இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். அம்முறையை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வணிகரிடையே வழங்கியதை முறைப்படுத்தி, எவரும் கற்கும் வண்ணம் எழுதி வைத்தார். இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் கற்பதற்கும் அதுவே அடித்தளம்.

அதன் கருத்து எளியது. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரு பக்கங்கள் உண்டு. கடைக்காரர் ஒருவர் 10,000 ரூபாய் ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்கினால், கொள்முதல் கணக்கில் பற்றும் ரொக்கக் கணக்கில் வரவும் எழுதப்படும். முடிவில் இரு பக்கக் கூட்டுத்தொகைகளும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிடில் எங்கோ பிழை உள்ளது. ஆனால் ஒத்திருந்தால் பிழையே இல்லை என்றும் சொல்லிவிட இயலாது. அடியோடு எழுதாமல் விட்ட நடவடிக்கையை எந்த இருப்பாய்வும் காட்டித் தராது. ஆதலால்தான் இக்கலைக்குக் கூட்டல் கழித்தலோடு கூர்ந்த ஐயமும் நேரிய மனமும் தேவைப்படுகின்றன.

இந்தியாவில் 1913-இல் மும்பையில் சிடென்ஹாம் வணிகவியல் கல்லூரி நிறுவப்பட்டது. அதன் பின்னர் வணிகவியல் படிப்படியாக நாடெங்கும் பரவி, இன்று தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் மாணவர் பெரிதும் நாடும் பாடங்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

சேர்வதற்கு வேண்டுவன

மேல்நிலை வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல் பாடங்களைப் பயின்றவர்களே இப்படிப்புக்கு இயல்பாக உரியவர்கள். வேறு பிரிவில் பயின்றவர்களைச் சேர்ப்பது குறித்துக் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறுவதால், விண்ணப்பிக்குமுன் கேட்டறிதல் நலம். படிப்பு மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள். நிதிக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், தணிக்கை, வணிகச் சட்டம், வருமான வரி, சரக்கு மற்றும் சேவை வரி, வணிகக் கணிதம், புள்ளியியல் ஆகியவை முதன்மையான பாடங்கள்.

"என் மகனுக்குக் கணிதம் வராதே!" என அஞ்சும் தாய்மார் உண்டு. இங்கே உயர்கணிதம் மிகுதியாய்த் தேவைப்படுவதில்லை. விழுக்காடு, வட்டி, விகிதம் ஆகியவற்றில் தெளிவும், ஒரு தொகை ஒத்துவராதபோது மீண்டும் முதலிலிருந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும். சட்ட விதியைப் படித்துப் பொருள்கொள்ளும் பழக்கமும் வேண்டும். எடுத்ததை அரைகுறையாய் விட்டுவிடும் இயல்புள்ள பிள்ளைக்கு இப்படிப்பு கடினமே.

தமிழ் வழியில் பயின்று வருவோர் முதற் பருவத்தில் தடுமாறுவதுண்டு. பள்ளியில் குறிப்பேடு, பேரேடு, தேய்மானம் என்று கற்றவற்றையே கல்லூரியில் ஜர்னல், லெட்ஜர், டிப்ரிசியேஷன் என்கின்றனர். பொருள் அவர்கள் அறிந்ததே, பெயர்தான் புதிது. இரு மொழிச் சொற்களையும் அருகருகே எழுதிய சிறு ஏடு ஒன்றை வைத்துக்கொண்டால் சில மாதங்களில் அத்தயக்கம் நீங்கும்.

பெயரில் ஏமாற வேண்டாம்

பி.காம். என்னும் பெயரோடு இன்று பல அடைமொழிகள் சேர்ந்து வருகின்றன. பொதுப் பிரிவு, நிறுமச் செயலியல், கணக்கியலும் நிதியும், வங்கி மேலாண்மை எனப் பட்டியல் நீள்கின்றது. இவற்றுள் "பி.காம். சி.ஏ." என்பதைக் கண்டு, தம் பிள்ளை பட்டயக் கணக்கர் ஆகிவிடுவான் என்று நம்பும் பெற்றோர் உண்டு. அந்தச் சி.ஏ. என்பது கணினிப் பயன்பாட்டைக் குறிப்பது. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் எனப்படும் பட்டயக் கணக்கரைக் குறிப்பதன்று. அது நல்ல படிப்பே. எனினும் இரண்டும் வேறு வேறு.

பட்டயக் கணக்கர் தகுதியை எந்தக் கல்லூரியும் வழங்க இயலாது. நாடாளுமன்றச் சட்டத்தின்படி 1949-இல் நிறுவப்பட்ட இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் ஒன்றே அதை வழங்கும். "பட்டமும் சி.ஏ.வும் ஒருங்கே" என்று விளம்பரம் செய்யும் நிலையங்கள் அளிப்பது பயிற்சி மட்டுமே. பெருந்தொகை கட்டுமுன் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். மேலும், சிறப்புப் பெயர் தாங்கிய பட்டம் அரசுப் பணிக்கும் மேற்படிப்புக்கும் பொது பி.காம். பட்டத்துக்கு இணையாகக் கொள்ளப்படுமா என்பதையும் சேரும் நாளிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உயர் தகுதிகள்

பட்டயக் கணக்கராக விரும்புவோர்க்கு இரு வாயில்கள் உண்டு. மேல்நிலைத் தேர்வு முடித்தோர் நான்கு தாள்கள் கொண்ட அடிப்படைத் தேர்வை எழுதி நுழையலாம். வணிகவியல் பட்டதாரியாய் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர், அத்தேர்வின்றி நேராக இடைநிலைக்குப் பதிவு செய்யலாம். ஆகவே கல்லூரித் தேர்வில் "தேறினால் போதும்" என்னும் மனநிலை கூடாது. அந்த 55 விழுக்காடு ஒரு வாயிலையே திறக்கின்றது. இடைநிலையில் ஆறு தாள்கள், இறுதியிலும் ஆறு. இவற்றினிடையே பட்டயக் கணக்கர் ஒருவரிடம் பயிற்சி பெறுதல் வேண்டும். முன்னர் மூன்று ஆண்டுகளாயிருந்த அப்பயிற்சி, 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகையும் உண்டு. தேர்வுகள் கடினமானவை, முதன்முறையில் தவறுவோர் பலர். இதை முன்னரே அறிந்த குடும்பம், பிள்ளை ஒருமுறை தவறியதும் இடிந்துபோகாது.

தொழிற்சாலைகளின் உற்பத்திச் செலவை ஆராயும் அடக்கவிலைக் கணக்கர், நிறுமங்களின் சட்டக் கடமைகளைக் கவனிக்கும் நிறுமச் செயலர் ஆகிய இரண்டும் இதை ஒத்த தகுதிகளே. முன்னதற்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னதற்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டமும் அடிப்படை.

பெண்களுக்கு இத்துறை ஏற்றதா என ஐயுறுவோர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையாரை நினைவுகூர்தல் தகும். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், 1933-இல் கணக்கர் தேர்வில் வெற்றி கண்டு, இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்கர் என்னும் பெருமை பெற்றார். வீட்டுக்கு வெளியே பெண்கள் தொழில் புரிவதே அரிதாயிருந்த நாள்களில் அவர் நடந்த பாதை அது.

பட்டத்தோடு கிடைக்கும் பணிகள்

எல்லோரும் இவ்வுயர் தேர்வுகளை எழுதிவிட இயலாது, எழுதவும் வேண்டியதில்லை. தணிக்கையாளர் அலுவலகங்கள், ஆலைகள், மொத்த வணிக நிலையங்கள், மருத்துவமனைகள் யாவற்றுக்கும் கணக்கர் தேவை. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், நடுத்தரக் கடைக்காரரும் உரிய காலத்தில் கணினிவழி அறிக்கை அளிக்க வேண்டியவரானார். வணிகவியல் பட்டதாரி ஒருவர் அதற்குரிய தேர்வில் தேறி, அவ்வரியின் பதிவு பெற்ற ஆலோசகராகத் தம் ஊரிலேயே தொழில் நடத்தலாம். வங்கித் தேர்வுகள், மத்திய அரசின் பணியாளர் தேர்வுகள், தமிழ்நாடு தேர்வாணையத் தேர்வுகள் ஆகியவற்றையும் எழுதலாம். எம்.காம்., பி.எட். முடித்தோர்க்கு மேல்நிலைப் பள்ளி ஆசிரியப் பணிக்கு வழி உண்டு.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேரேட்டில் எடுத்தெழுதும் வேலையைக் கணினி மேற்கொண்டுவிட்டது. டேலி போன்ற மென்பொருளை இயக்கத் தெரிவது இன்று தனிச் சிறப்பன்று. குறைந்த அளவுத் தகுதி. எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது, சட்டம் எதை அனுமதிக்கின்றது, இத்தொகை ஏன் சென்ற ஆண்டைவிடப் பெருகியது என்று கேட்கத் தெரிந்தவர்க்கே மதிப்பு. சட்டங்களும் நிலையாய் நிற்பதில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே இத்துறையில் பட்டம் பெற்றபின்னும் படிப்பு ஓயாது. விடுமுறைக் காலங்களில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் சில வாரங்கள் பணிபுரியும் மாணவர், வகுப்பில் புரியாத பலவற்றை அங்கே தெளிவாய் உணர்வார்.

கணக்கும் மனச்சான்றும்

2009 ஜனவரியில், சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவரே பல ஆண்டுகளாய்க் கணக்கைத் திரித்துக் காட்டியதாக எழுத்தால் ஒப்புக்கொண்டபோது நாடு அதிர்ந்தது. ஏட்டில் இருந்த பெரும் பணம் வங்கியில் இல்லை. பங்குகளில் சேமிப்பை இட்டிருந்த எளிய குடும்பங்கள் நட்டமடைந்தன. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தம் வேலை நிலைக்குமோ என அஞ்சினர்.

அத்தகைய சோதனை பெரிய நிறுவனங்களில் மட்டும் வருவதன்று. முதல் வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே, "இந்த ரசீதைக் கணக்கில் ஏற்றாதே" என்று முதலாளி சொல்லும் நாள் வரலாம். அன்று என்ன விடை சொல்வது என்பதை எந்தப் பாடநூலும் முழுமையாய்க் கற்பிக்காது. திருவிழா வரவு செலவைப் பங்கு மக்கள்முன் காசு பிசகாமல் வாசிப்பதைச் சிறு வயதில் கேட்டும், தந்தை தம் கடன்களை மறைக்காமல் எழுதி வைப்பதை வீட்டில் கண்டும் வளரும் பிள்ளைக்கு அவ்விடை ஓரளவு முன்னமே தெரிந்திருக்கும்.

ஆதலின், பெற்றோரே, விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமிடுமுன் ஒரு மாலைப் பொழுதைப் பிள்ளையோடு செலவிடுங்கள். எந்தப் பிரிவு, அதற்கு எக்கல்லூரி, ஆண்டுக்கு என்ன செலவு, பட்டத்துக்குப் பின் உயர் தேர்வா, அரசுத் தேர்வா, உடனே வேலையா என்று அமர்ந்து பேசுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதலாண்டு முடிவில் அதை எடுத்துப் பாருங்கள். வேண்டுமாயின் திருத்துங்கள். விரும்பித் தேர்ந்தோம் என்ற எண்ணத்துடன் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளை, வேறு வழியின்றி நுழைந்தவனைவிட ஊன்றிப் படிப்பான். அவ்வெண்ணத்தை அவனுக்கு அளிப்பது உங்கள் கையில் உள்ளது.