மோட்டார் வண்டியின் குறையும் பொறுப்பும்

தமிழில் 'குறை' என்பது மிகவும் விரிந்த பொருளுடைய சொல். வாங்கிய பாத்திரத்தில் ஓட்டை இருந்தாலும் குறைதான். விற்ற கடைக்காரர் முகங்கொடுத்துப் பேசாவிட்டாலும் குறைதான். ஆங்கிலச் சட்ட மொழியிலோ இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அரசாங்க மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கும் எனக்கு இந்த இரண்டு சொற்களும் பலமுறை தொல்லை கொடுத்திருக்கின்றன. பொருளிலே உள்ளதைப் 'பழுது' என்றும், ஊழியத்திலே நேர்வதைக் 'குறைபாடு' என்றும் வழங்கினால் ஒருவாறு பொருந்தும் என்பது என் கருத்து. இது வெறும் சொல்லாராய்ச்சி என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். பல லட்சம் ரூபாய் கொடுத்து மோட்டார் கார் வாங்கியவர், அது நடுவழியில் நின்றுவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது என்பதை இந்த வேற்றுமைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பழுது என்றால் வண்டியைச் செய்த நிறுவனத்தின் பொறுப்பு. குறைபாடு என்றால் அதை விற்றுப் பராமரிக்கும் டீலரின் பொறுப்பு. நிறுவனம் டீலரைக் காட்டுவதும், டீலர் நிறுவனத்தைக் காட்டுவதும், வாங்கியவர் இருவருக்கும் நடுவே அலைவதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முன்னாளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சுதந்திரம் பெற்றபின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் நாட்டில் கார் என்றால் மூன்றே பெயர்கள். உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசடர், பம்பாயில் செய்யப்பட்ட பியட், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்பவரிடம் விற்பவர் பணிவு காட்டவேண்டிய அவசியம் என்ன? வண்டிகளின் தரம் சீர்கெட்டு வருகிறது என்ற புகார் அறுபதுகளில் மிகவும் முற்றி, அதை ஆராய்வதற்கென்றே மத்திய அரசாங்கம் ஒரு குழுவை நியமிக்க நேர்ந்தது. கதவு சரியாக மூடவில்லை, மழை உள்ளே ஒழுகுகிறது என்பன போன்ற மனக்குறைகள் அரசாங்கத்தின் கோப்பு வரை ஏறின என்றால் அக்காலத்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் அந்த வண்டிகளுக்கு ஒரு பெருமை உண்டு. அவை அடிக்கடி நின்றன. ஆனால் எந்த ஊரிலும் நின்ற இடத்திலேயே சரிசெய்ய முடிந்தது. ஒரு ஸ்பானரும் திருப்புளியும் வைத்திருந்த எந்த மெக்கானிக்கும் அம்பாசடரின் உள்ளந்தரங்கத்தை அறிந்திருந்தார். பெங்களூரில் ஜே.சி. ரோடு முழுவதும் உதிரிப்பாகக் கடைகள். சிவாஜிநகரின் குஜரி அங்காடியில் பழைய வண்டிகளின் பாகங்கள். ஆடுகோடியில் மைக்கோ தொழிற்சாலை ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்பும் செய்துகொண்டிருந்தது. நம்பகம் என்ற சொல்லுக்கு அன்று 'பழுதாகாதது' என்று பொருளல்ல. 'எளிதில் பழுதுபார்க்கக் கூடியது' என்றே பொருள். அம்பாசடர் 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது முதல் நிலைமை மாறத் தொடங்கிற்று. பெங்களூரைப் பொறுத்தமட்டில், மைசூர்ச் சாலையிலுள்ள பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனம் 1999ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கியது ஒரு திருப்பம். அங்கு முதலில் செய்யப்பட்ட குவாலிஸ் அழகிய வண்டி என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கணினி நிறுவனங்களின் ஊழியர்களை இரவும் பகலும் ஏற்றியிறக்கிய வாடகை வண்டிக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் நின்றுவிடும் என்பவருக்கு அழகைப்பற்றி என்ன கவலை?

டொயோட்டாவின் தொழிற்சாலை முறையில் ஓர் அம்சம் குறிப்பிடத்தக்கது. வண்டிகள் வரிசையாக நகர்ந்து வரும்போது, தன் கண்ணில் ஒரு தவறு பட்டால் சாதாரணத் தொழிலாளியும் அருகில் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் வருவார். தவறு உடனே சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். பழுது வாங்குவோர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே பிடிபட வேண்டும் என்பது அதன் நோக்கம். இத்தகைய நிறுவனமும் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பெடல் சம்பந்தமான பழுதுக்காக அமெரிக்காவில் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அதன் தலைவர் 2010 பிப்ரவரியில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று விளக்கமளித்தார். ஆகவே, பழுதே வராத வண்டி என்று ஒன்றை எந்த விளம்பரம் காட்டினாலும் நாம் நம்பவேண்டியதில்லை. பழுது வந்தபின் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையே கேட்டறிய வேண்டும்.

இன்றைய வண்டிகள் மிகக் குறைவாகவே நிற்கின்றன. ஆனால் நின்றால் தெருமுனை மெக்கானிக்கால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது. எஞ்சினையும் பிரேக்கையும் கணினிகள் ஆள்கின்றன. அவற்றுடன் பேசுவதற்கு வேண்டிய கருவி டீலரின் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. வாங்கியவர் டீலரை நம்பியே வாழவேண்டியவராகிறார்.

அந்த டீலர் யார்? வாசலில் நிறுவனத்தின் பெயர்ப்பலகை பெரிதாகத் தொங்குவதால் அவரை நிறுவனத்தின் கிளை என்றே பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அவ்வாறன்று. அவர் நிறுவனத்திடமிருந்து வண்டியை விலைக்கு வாங்கி, தம் பொறுப்பில் விற்கும் தனி வியாபாரி. 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்த்த கோவா வழக்கு ஒன்று இதைத் தெளிவாக்கியது. 2011ஆம் ஆண்டு வண்டிக்குப் பணம் கொடுத்தவருக்கு 2009இல் செய்யப்பட்ட டாட்டா வண்டி டீலரால் கொடுக்கப்பட்டது. கீழ் ஆணையங்கள் நிறுவனத்தையும் சேர்த்துப் பொறுப்பாக்கின. உச்சநீதிமன்றமோ, இருவருக்கும் உள்ள உறவு இரு தனி வியாபாரிகளின் உறவு என்றும், டீலரின் செயல் நிறுவனத்திற்குத் தெரிந்திருந்தது என்று காட்டாதவரை நிறுவனம் பொறுப்பாகாது என்றும் கூறி, நிறுவனத்தை விடுவித்தது. சட்டப்படி இது சரியாகவே இருக்கலாம். ஆனால் பெயர்ப்பலகையை நம்பி உள்ளே சென்றவருக்கு இந்த வேற்றுமையை யார் எடுத்துச் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்தது, 'வாரண்டி' என்று எல்லோரும் சொல்லும் உத்தரவாதம். இது பெரும்பாலும் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று பல மொழியினர் கார் வாங்கும் பெங்களூரில் அதைப் படித்துவிட்டுக் கையொப்பமிடுவோர் அரியர். அதன் சாரம் இதுதான்: பொருளிலோ செய்நேர்த்தியிலோ பழுது இருந்தால் அந்தப் பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றித் தருவோம். வண்டியையே மாற்றித் தருவோம் என்று அதில் எங்கும் இராது. 2006ஆம் ஆண்டில் மாருதி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்சநீதிமன்றமும், உத்தரவாதத்தில் சொன்னதற்கு மேல், முழு வண்டியையும் மாற்றுமாறு ஆணையிட்டது தகாது என்று கூறிற்று.

தேய்ந்துபோகும் பாகங்களும் இந்த உத்தரவாதத்திலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டவை. பெங்களூர்வாசிகள் இங்கேதான் இடறி விழுகிறார்கள். சில்க் போர்டு சந்திப்பில் வண்டி ஓடுவதில்லை, ஊர்கிறது. ஒரு மணி நேரம் ஹாஃப் கிளட்சில் கால் வைத்து ஊர்ந்தால், கிளட்ச் தட்டு உராய்ந்து சூடேறித் தேய்கிறது. நெடுஞ்சாலையில் பல்லாண்டு உழைக்கக்கூடிய தட்டு இங்கே மிக விரைவில் வழுக்கத் தொடங்கும். என் அண்டை வீட்டார் ஒருவருக்கு ஓர் ஆண்டு முடிவதற்குள்ளேயே இது நேர்ந்தது. 'ஓட்டும் முறை சரியில்லை' என்று ஒர்க்‌ஷாப்பில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். அது தேய்மானமா, தட்டிலேயே பழுதா என்று எவரும் பிரித்துப் பார்த்துச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

டீசல் வண்டி வாங்கியவர்களுக்கு வேறொரு சங்கடம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக, டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பிடித்த கரி, வண்டி சற்று வேகமாகத் தொடர்ந்து ஓடும்போது உண்டாகும் வெப்பத்தில்தான் எரிந்து நீங்கும். தினமும் ஜெயநகரிலிருந்து கோரமங்களா வரை மட்டும் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அந்த வெப்பம் எங்கிருந்து கிடைக்கும்? வடிகட்டி அடைத்துக்கொள்கிறது; எச்சரிக்கை விளக்கு எரிகிறது; 'தும்கூர் வரை ஒருமுறை வேகமாகப் போய் வாருங்கள்' என்ற யோசனை கிடைக்கிறது. யோசனை பொய்யல்ல. ஆனால் நகரத்திற்குள்ளேயே ஓட்டப்போகிறேன் என்றவருக்கு டீசல் வண்டியை விற்றபோதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விற்றதை நான் வண்டியின் பழுதாகக் கருதவில்லை. விற்றவரின் குறைபாடாகவே கருதுகிறேன்.

2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர்ப் பக்கத்தில் மூழ்கிய கார்களின் கதை வேறு. நீருக்குள் நின்ற வண்டியின் எஞ்சினை இயக்கினால், உள்ளே புகுந்த நீர் அமுங்க மறுத்து, இணைப்புத் தண்டுகளையே வளைத்துவிடும். அதற்கு நிறுவனமும் டீலரும் பொறுப்பல்லர். இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருந்தாலொழிய அங்கும் தகராறு எழலாம்.

உண்மையான பழுது என்றால் சட்டம் கைவிடுவதில்லை. 2010ஆம் ஆண்டு பியட் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் வண்டியைப் பரிசோதித்து உற்பத்தியிலேயே பழுது என்று கண்டால் விலையைத் திருப்பித்தர வேண்டும் என்ற முறையில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2022 ஏப்ரலில் ஹூண்டாய் கிரெட்டா பற்றிய வழக்கில் அது இன்னும் ஒருபடி சென்றது. 2017இல் நடந்த விபத்தில் காற்றுப்பைகள் விரியவில்லை. மோதல் போதிய வேகத்தில் நிகழவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். மோதலின் விசையைக் கணக்கிட வாங்குபவர் பௌதிக நிபுணரல்லர் என்று நீதிபதிகள் அதை ஏற்க மறுத்து, வண்டியை மாற்றித்தருமாறு பிறப்பிக்கப்பட்ட ஆணையை உறுதிசெய்தார்கள்.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பழுதான பொருளால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் செய்தவர், விற்றவர், பழுதுபார்த்தவர் ஆகிய மூவரின் பொறுப்பையும் அது தனித்தனியே வகுக்கிறது. வண்டி வெறுமனே ஓடவில்லை என்பது இந்தப் பகுதியில் வராது. அதற்குப் பழைய வழியே வழி. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது பெரிய சௌகரியம். கொடுத்த விலை 50 லட்சத்திற்கு உட்பட்டதானால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தொடுக்க வேண்டும். அதற்குமுன் 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிட்டுப் பார்க்கலாம். இவையன்றி, ஒரே பழுது பல வண்டிகளில் காணப்பட்டால் அவற்றைத் திரும்ப அழைக்குமாறு உத்தரவிட மத்திய அரசாங்கத்திற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதிகாரம் அளித்திருக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன.

எந்த ஆணையத்திற்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது ஒரு காகிதம். அதுதான் ஜாப் கார்டு. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது சர்வீஸ் அட்வைசர் எழுதும் சீட்டு இது. 'கியர் போடும்போது மூன்றாவது கியரில் சத்தம் வருகிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதிகம். இது நான்காவது முறை' என்று நாம் சொன்னால், அவர் பெரும்பாலும் 'பொதுப் பரிசோதனை' என்று எழுதுவார். திரும்ப எடுக்கும்போது 'பார்க்கப்பட்டது, சரி' என்றிருக்கும். இப்படி நான்கு சீட்டுகள் சேர்ந்தால், நான்கு முறை வந்தும் வண்டியில் ஒன்றும் இல்லை என்பதற்கு அவையே சாட்சியாகிவிடும். ஆகையால் நாம் சொன்ன சொற்களே சீட்டில் வரவேண்டும். ஓடிய கிலோமீட்டரும், விட்ட தேதியும், எடுத்த தேதியும், மாற்றிய பாகமும் அதில் இருக்கவேண்டும். தேய்மானம் என்று மறுத்தால் அந்த மறுப்பையும் காரணத்தோடு எழுதித் தரச் சொல்லலாம். கழற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லலாம். எழுத மறுத்தால் அதே நாளில் நிறுவனத்திற்கும் டீலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிடலாம். இருவருக்கும் ஒன்றாக அனுப்புவதால், எனக்குத் தெரியாது என்று பின்னால் நிறுவனம் சொல்வதற்கு வழியிராது. கோவா வழக்கில் தீர்ப்பு அந்த ஒரு விஷயத்தில்தான் திரும்பிற்று.

சனிக்கிழமை காலையில், பின்னால் பத்து வண்டிகள் வரிசையில் நிற்கும்போது இதையெல்லாம் எழுதச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அட்வைசர் முகம் சுளிப்பார். பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார். எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் பிடிக்கும்.