மறதிநோயாளருடன் பேச பட அட்டைகள்: அப்பாயியின் கம்பளியைப் படம் எடுங்கள்

புசல்லாவையில் ஒரு தோட்ட லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலமெல்லாம் கொழுந்து பறித்த அப்பாயி, காலையிலிருந்து "அதக் கொண்டா" என்கிறார். எதை என்று சொல்ல வரவில்லை. பேத்தி ரொட்டி கொடுத்தாள், தள்ளிவிட்டார். தேத்தண்ணி கொடுத்தாள், கோபப்பட்டார். அவருக்குக் குளிர்கிறது. வேண்டியது கம்பளி.

டிமென்சியா எனப்படும் மறதிநோய் உள்ள வீடுகளுக்கு இது புதிதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடி 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். இது முதுமையின் இயல்பல்ல. மூளையைப் பாதிக்கும் நோய். நினைவோடு சொற்களும் தொலைகின்றன. ஆனால் சொல் போனதும் விருப்பம் போய்விடுவதில்லை.

அந்த விருப்பத்தை அறிய உதவுபவை பட அட்டைகள். ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான 'டோக்கிங் மேட்ஸ்' முறையில், படங்களை ஒரு விரிப்பில் 'பிடிக்கும்', 'பிடிக்காது', 'தெரியவில்லை' என்று பிரித்து வைப்பார்கள். வெறும் பேச்சைவிட இம்முறையில் மறதிநோயாளர்கள் தமது கருத்தைத் தெளிவாகச் சொன்னதாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

வீட்டிலேயே இதைச் செய்யலாம். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுக் குளியலறைப் படம் அப்பாயிக்கு எதையும் சொல்லாது. அவர் குளித்த பீலி, அவருடைய கம்பளி, அவர் குடிக்கும் கோப்பை, வீட்டுக் கழிவறை ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுங்கள். ஓர் அட்டையில் ஒரு பொருள் போதும். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்ட ஓர் உடல் படமும் வேண்டும்.

அவர் முன்னால், வெளிச்சத்தில் அமருங்கள். இரண்டு அட்டைகளை மட்டும் காட்டி, "அப்பாயி, கம்பளியா, தேத்தண்ணியா?" என்று கேளுங்கள். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். தொட்டதை மீண்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள். "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். நோயின் ஆரம்பத்திலேயே பழக்குவது நல்லது.

1977, 1983 வன்செயல்களால் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன பலர் இன்று முதியவர்கள். மறதிநோயில் அண்மைய நினைவுகளே பெரும்பாலும் முதலில் மங்குகின்றன. கிளிநொச்சி வீட்டில் இருந்தபடி ஒருவர் புசல்லாவைப் பீலியைத் தேடக்கூடும். ஊரிலுள்ள உறவினரிடம் வட்ஸ்அப்பில் படம் கேட்டு வாங்குங்கள்.

போரில் இறந்த, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை அன்றாட அட்டைகளுடன் கலக்காதீர்கள். அவர் "மகன் எங்கே?" என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லித் திருத்துவது புதிதாக ஒரு சாவுச்செய்தி சொல்வது போலாகிவிடும். "மகனை நினைச்சிட்டீங்களா? அவரைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டு, பக்கத்தில் இருங்கள்.

அட்டைகள் நோயைக் குணப்படுத்தாது. குழப்பம் திடீரென அதிகரித்தால் கிருமித்தொற்றும் காரணமாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். மற்ற நாட்களில், ஒரு கம்பளிக்காக அவர் காலை முழுவதும் போராடாமல் இருக்க இரண்டு படங்கள் போதும்.