பாடத்தை முடிப்பதா, புரியவைப்பதா?

52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை 45 என்று எழுதும். பக்கத்துப் பிள்ளை 69 என்று எழுதும். இரண்டு நோட்டிலும் சிவப்பு மையில் ஒரே ‘தப்பு’தான் விழுகிறது. ஆனால் முதல் பிள்ளை, பெரிய எண்ணிலிருந்தே சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது அதற்குப் புரியவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளில் ஒரு கட்டை அதன் கண்முன் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளை கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டது. குறியைப் பார்க்கப் பழக்கினால் போதும். அதே கணக்கைக் கரும்பலகையில் இன்னொரு முறை போட்டுக் காட்டுவதால் இருவருக்குமே பெரிய பயன் இல்லை. பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவதுதான் நல்ல கற்பித்தல்.

பிள்ளைகளுக்குள் வேறுபாடு என்றதும், சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள் என்று பிரித்துப் பேசும் வழக்கம் இருக்கிறது. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். உண்மையில் கணக்கில் எடுக்க வேண்டிய வேறுபாடு, பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே. அது எவ்வளவு பெரியது என்பதை பிரதம் அமைப்பின் ‘அசர்’ அறிக்கை காட்டுகிறது. 2022-இல் இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் நம்பி நடக்கும் வகுப்பில் மற்றவர்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள்.

படிநிலை பார்த்துக் கற்பித்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களே என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. கென்யாவில் எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டுபாஸ், மைக்கேல் கிரெமர் மூவரும் 121 தொடக்கப் பள்ளிகளில் செய்த ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஏறத்தாழ பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை மதிப்பெண் பார்த்து இரண்டு பிரிவாக்கினார்கள். மற்றவற்றில் கலந்தே வைத்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், பிரித்த பள்ளிகளில் முன்னே நின்றவர்களும் முன்னேறியிருந்தார்கள், பின்னே நின்றவர்களும் முன்னேறியிருந்தார்கள். ஆசிரியர் தம் முன் இருப்பவர்களின் நிலைக்குப் பாடத்தை அமைக்க முடிந்ததே இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

‘மக்கு’ என்ற முத்திரை விழுந்துவிடும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அதைத் தள்ளிவிட முடியாது. பிரிவு நிரந்தரமானால் அது நிச்சயம் தீங்குதான். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்துகிறது. பெயர் மென்மையாக இருந்தால் மட்டும் போதாது. தமிழில் மலராக இருக்கும் பிள்ளை கணக்கில் அரும்பாக இருக்கலாம். ஆகவே பாடவாரியாகப் பிரிக்க வேண்டும், அடிக்கடி சோதித்து மாற்ற வேண்டும், நாளில் கொஞ்ச நேரம் மட்டும் பிரித்து மற்ற நேரமெல்லாம் ஒன்றாக உட்காரவைக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளையை எல்லோர் முன்னும் எழுப்பிப் படிக்கச் சொல்வதில் இருக்கும் அவமானம் இதில் இல்லை.

இனி ஆசிரியரின் சுமை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர்தான் கவனிக்கிறார்கள். அவர்கள் ஏற்கெனவே பல நிலைப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துத்தான் பாடம் நடத்துகிறார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தத்தம் வேகத்தில் ஏணிப்படி ஏறியது அந்தச் சூழலுக்குப் பொருந்திய வழி. உண்மையான நெருக்கடி வேறு இடத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பாடத்திட்டம் முழுவதையும் குறித்த காலத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவையானதைக் கூடுதலாகக் கற்பிக்கவும் சொல்கிறது. நடைமுறையில் முதல் கடமைக்குத்தான் கணக்குக் கேட்கிறார்கள், இரண்டாவதற்குக் கேட்பது அரிது. பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரிகளும், பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும் பெற்றோரும், எத்தனை பாடம் முடிந்தது என்பதற்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் சரளமாக வாசிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.