உழைப்பின் பங்கு – 9: பேறுகாலச் சம்பளம் யார் பொறுப்பு?

2017-ம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். நல்ல திருத்தம்தான். ஆனால் அந்த 26 வாரச் சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதில் அது கை வைக்கவே இல்லை.

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு பெண்ணுக்கு மாதம் 30,000 ரூபாய் சம்பளம். அவர் பிரசவத்துக்குப் போனால் ஆறு மாதத்துக்கு 1,80,000 ரூபாய் முழுக்க முதலாளி கையிலிருந்து போக வேண்டும். அவர் வேலையைப் பார்க்க வருபவருக்குத் தனிச் சம்பளம். இந்தக் கணக்கு தெரிந்தவர் இன்டர்வியூவில் என்ன கேட்பார் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். “கல்யாணம் ஆயிடுச்சாம்மா? குழந்தை இருக்கா?” ஆகிவிட்டது, இன்னும் குழந்தை இல்லை என்றால், “சொல்லி அனுப்புறோம்.” பக்கத்து நாற்காலியில் காத்திருக்கும் பையனிடம் இதை யாரும் கேட்பதில்லை.

இதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பதிவு உள்ள தையல்காரப் பெண்ணின் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். 21,000 ரூபாய் வரை வாங்கும் எல்லோருக்கும், ஆணோ பெண்ணோ, இதே விகிதம்தான். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் சந்தா சேர்ந்திருந்தால், 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுத்துவிடும். பெண்ணை ஒதுக்கிவிட்டு ஆணை எடுத்தாலும் முதலாளிக்கு இந்த வகையில் ஒரு பைசா மிச்சமில்லை. (பெயரையே பதிவு செய்யாமல் வேலை வாங்குகிறவர்கள் உண்டு, அந்தக் கொடுமையைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.) 21,000 ரூபாயைத் தாண்டியதும் இந்தப் பொதுநிதி கைவிட்டுவிடுகிறது.

இது புதிய யோசனையும் அல்ல. 1928 ஜூலையில், ஆலைப் பெண்களுக்கான பேறுகால மசோதா பம்பாய் சட்டசபைக்கு வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். மக்கள் நலன் முதலில் அரசின் கடமை, ஆகவே இந்தச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்றார். முதலாளியையும் அவர் விட்டுவிடவில்லை. மறுவருடம் வந்த சட்டம் செலவை முதலாளி தலையில் மட்டுமே வைத்தது. 2017-ல் திருத்தப்பட்ட அந்த 1961 பேறுகாலச் சட்டமும் அப்படித்தான். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது மாறவில்லை. தனி முதலாளி மீது மட்டும் இந்தச் சுமையை ஏற்றக்கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183-வது உடன்படிக்கை. அதை இந்தியா ஏற்கவில்லை.

சம்பள உச்சவரம்பைப் பேறுகாலத்துக்கு மட்டுமாவது எடுத்துவிட்டு, எல்லா நிறுவனங்களும் கட்டும் பொதுநிதியில் அரசும் தன் பங்கைப் போட வேண்டும். நாடாளுமன்றம் மனது வைத்தால் ஒரே திருத்தத்தில் முடிகிற காரியம் இது.

சம்பளச் சீட்டே இல்லாத களை பறிக்கும் பெண்ணுக்கும், வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கும் இது எதுவும் எட்டாது. அவர்களுக்குத் தமிழ்நாட்டில் இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம். ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். அது எத்தனை வாரக் கூலிக்கு ஈடாகும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)